நீ பாதியில் விட்ட ஆட்டம்

மச்சான்,

இன்று காலை காபியை வாயில் வைக்கும் நேரத்தில் என் மகன் போனைக் கொண்டுவந்து மூக்குக்கு நேராக நீட்டினான். "நைனா, இன்னா நைனா நீ, ஊரே உன்னைத்தான் பாத்துகினு கீது" என்றான். பார்த்தேன். உன்னுடைய சாவு ஊர்வலம். நம் தெரு, மெட்ரோ வேலைக்காக அடைத்து வைத்த தகரம், நீ படுத்திருந்த பூ வண்டி, அதற்கு முன்னால் சட்டை வெளியே வந்த ஒரு கிழவன். அது நான். மேளச் சத்தத்தை எடுத்துவிட்டு ஏதோ ஒரு சினிமா குத்துப் பாட்டை அதன்மேல் ஒட்டியிருந்தார்கள். என் தலைக்கு மேலே மஞ்சள் மஞ்சளாகச் சிரிக்கிற பொம்மைகள் மிதந்தன. கீழே, 'அங்கிள் வேற லெவல்' என்று எவனோ எழுதியிருந்தான்.

வாயிலிருந்த காபியை முற்றத்தில் போய்த் தூ என்று துப்பிவிட்டு வந்தேன். என் மகனுக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லாரும் பாராட்டுகிறார்களே, இதில் கோபப்பட என்ன இருக்கிறது என்று கேட்டான். அவனுக்கு என்ன சொல்வேன்? உனக்குத்தான் சொல்ல முடியும். நீயோ போய்ச் சேர்ந்துவிட்டாய்.

நம் தெருவில் யார் செத்தாலும் முதலில் மேளக்காரர்களுக்கு ஆள் போகும், அடுத்தது உனக்கு. எல்லாரையும்போல நீயும் குடித்துவிட்டுத்தான் ஆடினாய், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மற்றவன் தன் போதையை ஆடுவான், நீ செத்தவனை ஆடுவாய். முனைக் கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர் செத்தபோது ஆடினாயே, ஞாபகம் இருக்கிறதா? கரியை ஊதினாய், தண்ணீரைத் தெளித்தாய், காலர் முனையை விரலால் அழுத்தி நீவினாய், இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நிமிர்ந்தாய். அவ்வளவுதான். இரண்டு நாளாக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் உட்கார்ந்திருந்த அவர் மனைவி, அந்த இடுப்பைப் பிடித்த இடத்தில் ஓவென்று அழுதார். நீ ஒரு தோளைத் தாழ்த்தினாய், மேளம் தானாகத் தணிந்தது. யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. போகிறவர் யார் என்று தெருவுக்கே தெரிந்தது.

வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் உன்னை மேடை ஏற்றினார்களே, அந்தக் கூத்தை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வருகிறது. துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். கோட்டுப் போட்ட ஒருவர் முக்கால் மணி நேரம் பேசினார். மனிதனுக்குப் பேச்சு வருவதற்கு முன்னாலேயே ஆட்டம் வந்துவிட்டதாம். வேட்டைக்குப் போய் வந்தவன் மிருகம் எங்கே நின்றது, எப்படி விழுந்தது என்று ஆடிக் காட்டினானாம். மழைக்கு ஓர் ஆட்டம், சண்டைக்கு ஓர் ஆட்டம், கோயிலில் கண்ணாலும் விரலாலும் கதை சொல்லும் ஆட்டம். எல்லாம் நல்ல பேச்சுத்தான், நான் குறை சொல்ல மாட்டேன். முடித்துவிட்டு, "இப்போது சாவு ஆட்டம்" என்று உன்னைக் கூப்பிட்டார். விளக்கு எல்லாம் உன்மேல் விழுந்தது. நீ மைக்குக்குப் பக்கத்தில் போய், "செத்தது யாரு சார்?" என்று கேட்டாய்.

யாரும் சாகவில்லை, சும்மா ஆடிக் காட்டுங்கள் என்றார் அவர். "ஆள் தெரியாம எப்டி சார் ஆடுறது?" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டாய். நகைச்சுவை என்று நினைத்துப் பையன்களும் பெண்களும் கைதட்டினார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னாய், "பேச்சுக்கு முன்னாடியே ஆட்டம் வந்துச்சின்றாரே, அப்போ பொய் எப்போ வந்துச்சி? பேச்சு வந்தப்புறம்தான் மச்சான். வாய் பொய் சொல்லும். உடம்பு சொல்லாது." நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஏன் திரும்பினேன் என்று உனக்குத் தெரியும். உடம்பும் பொய் சொல்லும் என்பதற்கு உன் பக்கத்திலேயே ஒரு சாட்சி உட்கார்ந்திருந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நாம் வேலை பார்த்த அந்த ஷெட்டில் பதினொரு பவர் பிரஸ் ஓடியது. தகடு வெட்டுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் காதில் விழாது. அதனால் நமக்கென்று ஒரு கை பாஷை இருந்தது. இரண்டு விரலை உதட்டில் வைத்தால் டீ. கண்ணுக்குக் கீழே இழுத்துக் காட்டினால் முதலாளி வருகிறார். மணிக்கட்டின்மேல் மணிக்கட்டை வைத்தால் மெஷினை நிறுத்து. சரக்கு கெட்டுப்போய், யார் செய்தது என்று கேள்வி வந்தால், செய்தவன் உள்ளங்கையால் தன் நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டுவான். என் தப்பு என்று அர்த்தம். அதற்குமேல் அவனை யாரும் திட்டக் கூடாது என்பது நாமே வைத்துக்கொண்ட சட்டம். நீ நூறு தடவை தட்டியிருப்பாய். குமரேசன் அதைவிட அதிகம் தட்டியிருப்பான். சூப்பர்வைசர் என்று பெயர் வாங்கியபிறகு நான் ஒரு தடவைகூடத் தட்டியதில்லை.

குமரேசன் ஓட்டிய பிரஸ்ஸுக்கு இரண்டு பட்டன். இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் மேலே இருக்கிற பாரம் இறங்கும். கை இரண்டும் பட்டன்மேல் இருந்தால் உள்ளே மாட்டாது அல்லவா, அதற்காகத்தான் அப்படிச் செய்து வைத்திருந்தார்கள். முதலாளிக்கு அது ஆமை வேகமாகத் தெரிந்தது. ஒரு பட்டனைக் கட்டிவிடு, ஒரு கையால் அழுத்தட்டும், இன்னொரு கை தகட்டைத் தள்ளட்டும் என்றார். நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. நைலான் கயிற்றை நாலு சுற்றுச் சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டேன். குமரேசன் என் முகத்தைப் பார்த்தான். ஒன்றும் ஆகாது என்று கையை அசைத்தேன்.

அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டு மணி அடிக்கக் கால் மணி நேரம் இருந்தது. முழங்கைக்குக் கீழே ஒன்றும் மிச்சமில்லை. நீ பக்கத்து மெஷினிலிருந்து ஓடிவந்து அவனைத் தாங்கிப் பிடித்தாய். என்னைப் பார்த்து வண்டி, வண்டி என்று வாயை அசைத்தாய். நான் என்ன செய்தேன் என்பதை நீ பார்த்தாய். முதலில் கயிற்றை அவிழ்த்தேன். முடிச்சு இறுகியிருந்தது, நகம் பெயர்ந்தது, விடவில்லை, அவிழ்த்துச் சுருட்டிப் பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். அதற்குப்பிறகுதான் வண்டிக்குப் போன் செய்யப் போனேன். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனபோது அவன் உயிரோடு இல்லை. அந்தக் கயிற்றுக்குப் போன நேரம் அவனுக்கு உதவியிருக்குமா என்று நான் எந்த டாக்டரையும் கேட்டதில்லை. கேட்கத் துப்பில்லை.

இன்ஸ்பெக்டர் வந்தார். ஆள் குடித்துவிட்டு வந்து கையை விட்டுவிட்டான் என்று முதலாளி சொன்னார். குமரேசன் டீயைத் தவிர வேறொன்றைத் தொடாதவன். இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். நான் வாயே திறக்கவில்லை மச்சான், தலையை மட்டும் ஆட்டினேன். மேலும் கீழுமாக இரண்டு தடவை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அந்த இரண்டு தடவை போதுமானதாக இருந்தது. பாக்கெட்டில் கயிறு தொடையில் உறுத்திக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து வெந்நீர் அடுப்பில் அதைப் போட்டேன். நைலான் உருகின நாற்றம் வீடு முழுக்க அடித்தது, என் மனைவி எலி செத்துக் கிடக்கிறதோ என்று மூலை மூலையாகத் தேடினாள்.

நீ மறுநாள் ஸ்டேஷனுக்குப் போய், பட்டனில் கயிறு இருந்தது என்று வாயால் சொன்னாய். உன் வாயிலிருந்து வந்த சாராய வாடைதான் அவர்களுக்குக் கேட்டது. குடிகாரனுக்குக் குடிகாரன் சாட்சியா என்று விரட்டிவிட்டார்கள். நீ நேராகக் குமரேசன் வீட்டுக்கு வந்தாய். பாடை எடுத்தாகிவிட்டது, மேளம் தொடங்கிவிட்டது, முதலாளி பெரிய ரோஜா மாலையோடு நின்றிருந்தார். அவருக்குப் பின்னால், அவர் நிழலில், நான்.

நீ ஆடினாய். இரண்டு உள்ளங்கையாலும் காற்றை அழுத்தினாய். ஷெட் ஆட்கள் எல்லாரும் நிமிர்ந்தார்கள். தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பாடையின் மூங்கிலில் நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாய். பிறகு ஒரு கையால் அழுத்த, இன்னொரு கையை உள்ளே விட, எடுக்க, உள்ளே விட, எடுக்க, மேளம் உன்னைத் துரத்த, வேகம் ஏறிக்கொண்டே போனது. சட்டென்று ஒரு கை உள்ளேயே நின்றுவிட்டது. மேளம் நின்றது. நீ அப்படியே நின்றபடி என்னைப் பார்த்தாய். மூங்கிலில் துண்டு கட்டியபடியே இருந்தது. நீ அதை அவிழ்க்கவில்லை. ஷெட்டில் பேக்கிங் வேலை பார்த்த குமரேசன் மனைவி செல்வி, நாலு வயசுப் பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு, துண்டையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். முதலாளி என் காதுப் பக்கம் குனிந்து, "நல்லா ஆடறான்யா" என்றார். அந்த மூச்சு காதில் பட்டது. இன்றைக்கும் காதைத் துடைத்துக்கொள்கிறேன்.

அதோடு உன் வேலை போயிற்று. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ ஓட்டினாய். நான் சூப்பர்வைசராகவே இருந்து, சால்வை போர்த்திக்கொண்டு ரிட்டையர் ஆனேன். குமரேசன் போய் இருபத்திரண்டு வருஷம். முதலாளியும் போய்ச் சேர்ந்துவிட்டார், ஷெட் இப்போது எவனுடைய பார்சல் குடோனோ. பயப்பட ஓர் ஆள்கூட மிச்சமில்லை. ஆனாலும் வாய் திறந்தேனா? வாயில் கொழுக்கட்டை. நீ என்னை வெறுத்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். நீயோ ஆட்டோவை ஓரம் கட்டி டீ வாங்கித் தந்தாய். ஒரே ஒரு தடவைதான் அந்தப் பேச்சை எடுத்தாய். "நான் பாதி ஆடிட்டேன் மச்சான். மீதி உன்னுது" என்றாய். நான் டீ கிளாஸைக் கழுவுகிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

நீ ஆட்டோ ஸ்டாண்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாய் என்று செய்தி வந்தது. மடிப்புக் கலையாத சட்டையை இன் செய்துகொண்டு வந்து நின்றேன். உனக்கு அவர்கள் செய்த மரியாதையைப் பார்க்க வேண்டுமே. ஆள் உயர ஸ்பீக்கர், கலர் விளக்கு, இடுப்பை வெட்டிக்கொண்டு ஆடுகிற பத்துப் பேர். ஒருத்தன்கூட உன் பக்கம் பார்க்கவில்லை, எல்லாக் கண்ணும் போனில். நீ ஆட்டோ ஓட்டினவன் என்றோ, பிரஸ் ஓட்டினவன் என்றோ அந்த ஆட்டத்தில் ஓர் அசைவு இல்லை. யார் செத்திருந்தாலும் அதே ஆட்டம்தான். ஒருவன் உன் முகத்துக்குப் பக்கத்தில் கன்னத்தை வைத்துப் படம் எடுத்துக்கொண்டான். அப்பப்பா, என்ன அருவருப்பு. செருப்பால் அடிக்கலாமா என்று கை பரபரத்தது. பிறகு தோன்றியது, இவர்களாவது உன்னைத் தெரியாதவர்கள். தெரிந்தும் சட்டையை இன் செய்து நிற்கிற நான் யார்?

குமரேசன் வீட்டு வாசலில் வண்டி நின்றது. கேட்டைப் பிடித்துக்கொண்டு செல்வி நின்றிருந்தாள். எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. ஸ்பீக்கரை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஓரத்தில் சும்மா நின்ற இரண்டு மேளக்காரர்களை முன்னால் வரச் சொன்னேன். யாரோ ஒருவர் தோளிலிருந்து துண்டை உருவி, உன் வண்டிக் கம்பியில் நாலு சுற்றுச் சுற்றிக் கட்டினேன். நீ விட்ட இடம் அதுதானே. எனக்கு ஆடத் தெரியாது, வாழ்நாளில் ஆடியதில்லை. குனிந்து, நகத்தால் கிள்ளிக் கிள்ளி, அந்த முடிச்சை அவிழ்த்தேன். சுருட்டினேன். பாக்கெட்டில் போட்டேன். செல்வியைப் பார்த்து உள்ளங்கையால் நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டினேன். விசில் பறந்தது. பத்துப் போனும் என் பக்கம் திரும்பின. செல்வி மணிக்கட்டின்மேல் மணிக்கட்டை வைத்தாள். நிறுத்து. கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சொல்லிவிட்டேன், பாரம் இறங்கிவிட்டது என்று அன்றைக்கு ஒரு தட்டுச் சோறு கூடுதலாகச் சாப்பிட்டேன் என்றால் நம்புவாயா? அவ்வளவு கேவலமான ஜென்மம் நான். முந்தாநாள் செல்வி என் வீட்டுக்கே வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நீ கையால சொன்னது எனக்குப் புரிஞ்சிச்சிண்ணே" என்றாள். "எனக்குத்தான் அன்னிக்கே தெரியுமே. எம் பொண்ணுக்கு அந்த பாஷை தெரியாது. அவங்கப்பன் குடிச்சிட்டுச் செத்தான்னுதான் ஊரே சொல்லிகினு கீது. நான் சொன்னா, அம்மா மூடி மறைக்குதுன்றா. நீ போயி அவகிட்ட வாயால சொல்லு."

தலையை ஆட்டப்போனேன். "தலையை ஆட்டாத" என்றாள். "போறேன்னு சொல்லு." போகிறேன் என்று சொன்னேன்.

வாய் பொய் சொல்லும், உடம்பு சொல்லாது என்றாயே மச்சான். உன் உடம்புக்கு அது சரி. என் உடம்பு ஒளிந்துகொள்ளக் கற்றது. மேளச் சத்தத்துக்குள்ளே, விசிலுக்குள்ளே, உன் சாவுக்குள்ளே ஒளிந்துகொண்டு நெஞ்சைத் தட்டினேன். புரியாதவர்களுக்கு நடுவில் உண்மையைச் சொல்வதில் என்ன வீரம் இருக்கிறது?

அதனால் இன்று சாயங்காலம் ஐயப்பன்தாங்கலுக்குப் போனேன். டிப்போவுக்குப் பின்னால் இரண்டாவது மாடியில் வீடு. அந்தப் பெண் திவ்யாவுக்கு இப்போது இருபத்தாறு வயசு, ஏதோ ஆபீசில் வேலை. குமரேசனுடைய மூக்கு. வாங்க அங்கிள் என்று ஃபேனைப் போட்டாள், டீ போடப் போனாள். டீயெல்லாம் வேண்டாம், முதலில் உட்காரம்மா என்றேன். இரண்டு பட்டனில் தொடங்கி அடுப்பு வரைக்கும் சொன்னேன். எதையும் குறைக்கவில்லை. உங்கப்பா ஒரு சொட்டுக் குடித்ததில்லை, அந்தக் கயிற்றைக் கட்டினவன் நான், அவரைத் தூக்குவதற்கு முன்னால் அதை அவிழ்த்தவனும் நான் என்றேன். சொல்லி முடிக்கும்போது சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

அவள் மடியில் கிடந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வீடியோ எனக்கும் வந்துச்சு அங்கிள்" என்றாள். "நம்ம தெரு அங்கிளாச்சேன்னு சிரிக்கிற பொம்மை போட்டேன்."

அதில் கடைசியில் நெஞ்சில் தட்டினது என்ன என்று கேட்டாள். சொன்னேன். இப்போது காட்டுங்கள் என்றாள். மேளம் இல்லை, பாட்டு இல்லை, ஃபேன் சத்தம் மட்டும்தான். உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினேன்.

"எங்கப்பா இதைப் பண்ணுவாரா?"

"ஒரு தகடு வளைஞ்சாலே பண்ணுவான்மா" என்றேன்.

அவள் போனை எடுத்து, சத்தத்தை அடைத்துவிட்டு, அந்த வீடியோவை முதலிலிருந்து போட்டாள். நான் கட்டுகிறேன். குனிகிறேன். கிள்ளிக் கிள்ளி அவிழ்க்கிறேன். அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, திரையில் இருந்த என் விரல்களைப் பெரிதாக்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டு, நீங்கள் கிளம்புங்கள் என்றாள். அங்கிள் என்று சொல்லவில்லை.

மீதியை முடித்துவிட்டேன் மச்சான். மேளம் இல்லாமல் முடித்தேன். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டு இரண்டு தடவை கையைக் கழுவிவிட்டுச் சோற்றில் கை வைத்தேன். நைலான் நாற்றம் அடித்தது. அப்படியே பிசைந்து சாப்பிட்டேன்.